ஆற்றோரத் தட்டு மண்ணும் பூரணியின் முள்ளங்கியும்

கோவாவும் கரட்டும் மரக்கறிக் குன்றாகக் குவிந்திருக்கும் இந்த மேடைக்குத் தலைமை தாங்கி, கொலுவிருக்கும் மாதர் சங்கத் தலைவி சண்முகவடிவு அக்கா அவர்களே! அவருக்கு அருகே அமர்ந்து, நான் வாய் திறக்கும் முன்பே கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட பெரியோர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, குளிரையும் என்னையும் ஒருசேரப் பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்குப் பயந்து பின்வரிசையில் பதுங்கி நிற்கும் தந்தைமார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பொகவந்தலாவை பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக் கத்தித் தேய்ந்த தொண்டை இது. "கண்டக்டர் செல்லசாமி பேசுவார்" என்றதும் சிலர் பதறி எழுந்தீர்கள். அமருங்கள் ஐயா! மலையில் உங்களை விரட்டி வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா வேறு. மிச்சக் காசு தராமல் மறந்துபோகும் கண்டக்டர் நான் வேறு.

இன்று நான் அரசியல் பேசப்போவதில்லை. மண்ணைப் பற்றிப் பேசப்போகிறேன். மண்ணில் பேச என்ன இருக்கிறது என்கிறீர்களா? மணக்க மணக்க இருக்கிறது!

நம் மலைச்சரிவு மண்ணை உங்களுக்குத் தெரியும். மழை வந்தால் ஓடிவிடும். வெயில் வந்தால் இறுகிவிடும். அதில் கரட் போட்டுப் பாருங்கள். கல்லில் முட்டி, இரண்டாகப் பிளந்து, இரண்டு காலுக்கும் களிசான் போட்ட கரட்டாக வெளியே வரும்.

ஆற்றோரத் தட்டு அப்படியா? தேயிலைச் சரிவு முடியும் இடத்துக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் நடுவே, படி கட்டிவிட்டதுபோல் சமமாகக் கிடக்கிறதே, அந்த நிலத்தைச் சொல்கிறேன். ஆறு பெருகிய காலமெல்லாம் மேலிருந்து அள்ளிவந்து, அங்கே இறக்கிவைத்துவிட்டுப் போன மண் அது. மணலும் உண்டு, மாவு போன்ற வண்டலும் உண்டு, களியும் உண்டு. ஒன்றை ஒன்று மிஞ்சாது, ஒன்றோடு ஒன்று முறைக்காது. விவசாயப் போதனாசிரியர் அதை இருவாட்டி மண் என்றார். பிடித்தால் உருண்டையாகும், விரலால் தட்டினால் உதிரும். வேருக்கு வழிவிடும், காற்றுக்கு வழிவிடும். எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும், ஆனால் வெறிக்காது!

பின்வரிசையில் என்ன சத்தம்? நான் மண்ணைத்தான் சொன்னேன்.

அந்த மண் எல்லாவற்றுக்கும் உதவுமா என்றால், உதவாது. நம் பழனியாண்டி அண்ணன் அதைக் குழைத்து அடுப்புக் கட்டினார். மூன்றாம் நாள் அடுப்பு உட்கார்ந்துவிட்டது. கருவாட்டுக் குழம்பும் கூடவே உட்கார்ந்துவிட்டது. ஏன் அண்ணே தலையைக் குனிகிறீர்கள்? அடுப்புக்குக் களிமண் வேண்டும். ஆற்றோரத்து மண் பயிருக்குப் பிறந்தது. லீக்ஸ் போட்டால் முழங்கை நீளம். நோக்கோல் போட்டால் ஒவ்வொரு காயும் குழந்தை தலை!

அந்த மண்ணில்தான் நம் பூரணி மரக்கறி போட்டு வந்தார். மலையில் கொழுந்து எடுத்து இறங்கிய பிறகு, பொழுது சாயும்வரை அங்கேதான் இருப்பார். பிள்ளைகளின் பசி பாதி அங்கேதான் தீர்ந்தது.

போன வருடம் நம் தோட்டத்துப் பழைய பங்களாவை வெள்ளைக்காரப் பயணிகள் தங்கும் ஹோட்டலாக மாற்றினார்கள். முன்னால் பச்சைப் புல்வெளி வேண்டும் என்று ஆசைப்பட்டார், புதிதாக வந்த உதவி மேலாளர் சின்னத்துரை. புல்வெளிக்கு நல்ல மண் வேண்டுமே? ஒருநாள் காலையில் டிராக்டர் வந்து பூரணியின் பாத்தியில் நின்றது. லீக்ஸோடு சேர்த்து மண்ணை அள்ளத் தொடங்கினார்கள்.

பூரணி மலையிலிருந்து ஓடி வந்தார். "தொரை, இது நாங்க பாடுபட்ட மண்ணுங்க. அள்ளாதீங்க."

சின்னத்துரை கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "மண்ணுல ஒங்க பேரு எழுதியிருக்கா?"

எப்படி இருக்கிறது கேள்வி? நான் பக்கத்தில்தான் நின்றேன். கீழ் லயத்து வரிசை வீடுகளில் என் வீடும் அந்தத் தட்டை ஒட்டித்தான் இருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பூரணி கண் கலங்கி, சிதறிக் கிடந்த லீக்ஸைப் பொறுக்கத் தொடங்கினார்.

மறுநாள் பெரட்டுக்களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்தபோது பங்களாவில் மண் பரப்ப ஆள் கேட்டார்கள். "நான் போறேங்க" என்று முதலில் கை தூக்கியவர் யார்? பூரணி! தோழி ஜீவராணி திகைத்துப்போய், "ஒனக்கு ரோசமே இல்லையாடி?" என்று கேட்டார். பூரணி முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு, "இருக்கு, மொளைக்கட்டும்" என்றாராம்.

மண் பரப்பினார்கள். புல் விதை தூவினார்கள். அந்தப் புல் ஒரு சோம்பேறி. ஹோட்டல் திறப்பு விழா நாள் வந்தும் எழுந்திருக்கவில்லை. ஆனால் முந்தானையில் போன முள்ளங்கி விதை எழுந்தது! அதுவும் எப்படி எழுந்தது? வரிசை கட்டி, வளைவு கட்டி, சுழி போட்டு, கொம்பு போட்டு எழுந்தது!

நாற்காலி தூக்கப் போயிருந்தேன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து வந்த பிரதம விருந்தினர் அம்மையார் வராந்தாவில் நின்று கீழே பார்த்தார். கறுத்த மண்ணில் பச்சைப் பசேலென்று எழுத்துகள். "அது என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். சின்னத்துரைக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. முகமெல்லாம் மலர, "வரவேற்கிறோம்னு எழுதச் சொன்னேன் மேடம், என்னோட ஐடியா" என்றார்.

அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அப்படியா? எனக்குப் பூரணின்னுதானே தெரியுது. யார் அந்தப் பூரணி?"

பக்கத்தில் நின்ற தோட்ட மேலாளர் பெரியதுரையின் முகம் சுருங்கியது. சின்னத்துரையின் முகம் இருந்த இடத்தில் பீட்ரூட் இருந்தது. பூரணியைக் கூப்பிட்டார்கள். வேலை போய்விட்டால் அந்தக் குடும்பம் என்னாகும்?

பூரணி வந்து நின்றார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "சின்னதொரைதான் கேட்டாங்க, மண்ணுல ஒங்க பேரு எழுதியிருக்கான்னு. எழுதாம விட்டது நம்ம தப்புதானேன்னு எழுதிட்டேங்க."

அம்மையார் சிரித்தார். விருந்தினர் சிரித்தார்கள். பெரியதுரை சிரிக்கவில்லை. "எந்த எடத்து மண்ணு இது? நாளைக்குக் காட்டுங்க" என்றார்.

அன்று மாலை கொட்டியது மழை. மறுநாள் அவர் வந்து பார்த்தபோது, மண் அள்ளிய பள்ளத்தின் வழியாக ஆறு உள்ளே புகுந்து, கரையைக் கரைத்துக்கொண்டு, எங்கள் லயத்தின் பின்சுவருக்குக் கைநீட்டும் தூரத்தில் நின்றது. ஜீவராணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். பெரியதுரை குழந்தையையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சின்னத்துரையைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்: "நிரப்புங்க."

டிராக்டர் திரும்பி வந்தது. போன மண், முள்ளங்கியோடு திரும்பி வந்தது! கரைக்குக் கல் அடுக்கினோம். தட்டு முழுவதையும் மாதர் சங்கம் பயிர் செய்யலாம் என்று பெரியதுரை அனுமதியும் தந்தார். அந்த அறுவடைதான் இந்த மேடையில் இருக்கிறது. கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்!

தட்டி முடித்தீர்களா? இனி ஒன்று கேட்கிறேன். அனுமதி யாருக்குத் தருவார்கள்? விருந்தாளிக்குத் தருவார்கள். நம் முன்னோர் இந்த மலைக்கு வந்து இருநூறு ஆண்டு; இருநூறு ஆண்டு விருந்து எந்த ஊரில் நடக்கிறது? மலையை வெட்டியது யார்? பாதை போட்டது யார்? பச்சையைப் படரவிட்டது யார்? பாடுபட்டவருக்கு அனுமதி போதுமா? உரிமை வேண்டாமா? காணி உறுதிப்பத்திரம் வேண்டாமா?

பூரணி அதற்காகக் காத்திருக்கவில்லை. இன்று காலை தட்டுப் பக்கம் போனேன். லீக்ஸ் எடுத்த பாத்தியில் அவர் குழி தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பேரிக்காய்க் கன்று.

"ஏம்மா, இது காய்க்க எவ்வளவோ வருஷம் ஆகுமே?" என்றேன்.

"ஆகட்டும் அண்ணே. நாங்க எங்க போகப் போறோம்?" என்று சொல்லிவிட்டுக் கன்றை நட்டு மண்ணை அணைத்தார்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைக் கடைசியில் மறந்துவிட்ட பெரியோர்களுக்கும் நன்றி. போகும்போது ஆளுக்கொரு கோவா எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்!