வளைத்து நிமிர்த்திய போன்

உங்கள் மேசைமேல் இருப்பது நல்ல போன்தான், ஐயா. அந்த ரகத்தை நான் வளைத்துப் பார்த்திருக்கிறேன், முறியவில்லை.

சுரபாயாவில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. புதுப் போன்களைக் கத்தியால் கீறி, இரண்டு கையாலும் வளைத்து வீடியோ போடுகிறவன். ஆரம்பத்தில் இப்படி இல்லை. ஒரு போனை முப்பது நாள் எல்லோரையும்போலப் பயன்படுத்தி, என்ன ஆகிறதென்று காட்டினேன். நானூறு பேர் பார்த்தார்கள். அடுத்ததை முறித்தேன். ஒன்பது லட்சம் பேர். ஜனங்கள் கேட்டதைத்தானே கொடுத்தேன்?

பெரியவர் பாக் வார்சித்தோ மட்டும் என்னை விடவில்லை. பைக் டாக்ஸி ஓட்டுகிறவர். ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் வந்து, அண்ணன் என்பதுபோல 'மாஸ்' போட்டு எழுதிவிடுவார்.

"மாஸ் அர்யோ, போனை எவன் ரெண்டு கையால வளைக்கிறான்? நாங்க நாள் முழுக்க வெயில்ல வண்டியில மாட்டிக்கிட்டு ஓடுறோம். நீங்க கெட்டின்னு சொன்னதை நம்பி வாங்கினேன், ரெண்டே மாசத்துல செத்துப்போச்சு. அதைச் சோதிச்சுக் காட்டுங்க, பார்ப்போம்."

மூவாயிரம் பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. எனக்கு வயிறு எரிந்தது. நான் ஒழுங்காகச் சோதித்த காலத்தில் இவர்களெல்லாம் எங்கே போயிருந்தார்கள்?

பார்க்கிறவர்களுக்குப் பரிசு அனுப்புவது எங்கள் தொழிலில் வழக்கம். குலுக்கலில் அவர் பெயர் வரும்படி பார்த்துக்கொண்டேன். அனுப்பியது, வீடியோவில் நான் வளைத்த போன். நிமிர்த்தி, பின்பக்கக் கண்ணாடியை மாற்றினேன். பேட்டரி உப்பியிருந்தது. அமுக்கி ஒட்டினால் தெரியாது.

அவரே கூப்பிட்டார்.

"அவ்வளவு திட்டியும் மனசுல வெச்சுக்கல பாருங்க, நீங்க பெரிய மனுஷன் மாஸ்." கொஞ்சம் தயங்கி, "சார்ஜ் போட்டா சுடுது. ஒண்ணும் ஆகாதே?" என்றார்.

"புதுசுல அப்படித்தான் பாக். போகப் போகச் சரியாயிடும்."

பதினோராம் நாள் மதியம் சவாரிக்கு நடுவே வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார். போனைச் சார்ஜில் போட்டுத் தலைமாட்டில் வைத்தபடி கண்ணயர்ந்துவிட்டார். மெத்தை தீப்பிடித்துக்கொண்டது, அவர் எழவேயில்லை. அவர் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை வரும்போது பார்த்தேன். கையில் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

வாக்குமூலமாகவே எழுதிக்கொள்ளுங்கள். உப்பிய பேட்டரி என்ன செய்யும் என்று தெரிந்துதான் அனுப்பினேன். ஆனால் இதுவரை யாரும் செய்து காட்டாத சோதனை அது. அவர் கேட்டதும் அதைத்தான். நீங்கள் பறிமுதல் செய்த என் கணினியை ஒரு மணி நேரம் கொடுத்தீர்களானால் முடிவை வீடியோவாகப் போட்டுவிடுவேன். போன் வாங்குகிற ஜனங்கள் ஏமாறக் கூடாது, ஐயா.