லிஃப்ட் ரிப்பேரான ஓட்டல்

...மூணு நாளாச்சும்மா, மூணு நாள். கடலைப் பார்க்கலாம்னு கூட்டிட்டு வந்த மனுஷன், மூணு நாளா மொட்டைமாடி மோட்டார் ரூமுக்குள்ள உட்கார்ந்து இரும்புக் கயித்தைப் பார்த்துக்கிட்டு இருக்கார். நான் இதை யார்கிட்ட போய்ச் சொல்றது? கீழ மேனேஜர்கிட்ட சொன்னா, "உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன் மேடம்"ங்கறான். தங்கம்தான், யார் இல்லேன்னா? அதான் ஒருநாளும் கையில சிக்க மாட்டேங்குது. நீயாவது கேளு. உன்னாலதான் இப்ப எழுந்து போக முடியாது.

அடடா, அழறியா? சும்மா சொன்னேன் கண்ணு. ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நிக்கற, அவ்வளவுதான். நான் மூணாவது மாடியில லிஃப்ட் கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கேன். ஃபேன் ஓடுதா? ஓடுதுன்னா ஒரு தட்டு தட்டு. ஆங். லைட் எரியுது, ஃபேன் ஓடுது, பேச்சுத்துணைக்கு நான் இருக்கேன். எங்க ரூம்ல ஃபேனும் ஓடல, துணையும் கிடையாது.

மேல போறதுக்கு முன்னாடி அவர் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? "உள்ள ஒரு பொண்ணு மாட்டிக்கிச்சு, பயந்துடக் கூடாது, நீ பேசிக்கிட்டே இரு, நிறுத்தாத"ன்னார். இருபத்தாறு வருஷத்துல அந்த வாயிலேருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்ல. எப்பவும் "கொஞ்சம் நிறுத்தறியா"தான். நான் லைப்ரரியில வேலை பார்க்கறேன்மா. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வர்றவங்களைப் பார்த்து "ஷ்ஷ்"ங்கறதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்தா இவர் பேச மாட்டார். அப்ப நான் எங்கதான் பேசறது, சொல்லு? இப்படி எங்கயாவது கதவு கிடைச்சா பேசறேன்.

மணி என்ன ஆகுது உன் கையில? அஞ்சு முப்பத்தஞ்சா. சரி சரி.

ஆன்ட்டியா? அக்கான்னே கூப்பிடேன், என்ன கெட்டுப் போச்சு. உன் வீட்டுக்காரரா? அவர் மேலதான் இருக்கார், எங்க வீட்டுக்காரருக்கு டார்ச் பிடிச்சுக்கிட்டு. நீ லிஃப்ட்லயும் அவர் படியிலயும் யார் முதல்லன்னு பந்தயம் வச்சீங்களாமே, மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னாரு. முகம் வெளிறிப் போயிருக்கு பாவம். கல்யாணமாகி எத்தனை நாளாச்சு? தட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்தா? பத்தே நாளா! அதான் பந்தயமெல்லாம் ஓடுது. எங்களுக்கும் ஓடுச்சு ஒரு காலத்துல. இவர் தினமும் ராத்திரி சாப்பிடும்போது, இன்னிக்கு எந்தக் கட்டடத்துல எந்த லிஃப்ட் எப்படி நின்னுச்சுன்னு சொல்லுவார். அது ஒண்ணுதான் அவருக்குப் பேசத் தெரியும். நானும் புதுப் பொண்டாட்டி, கன்னத்துல கை வச்சுக்கிட்டுக் கேட்டேன். கேட்டுக் கேட்டு என்ன ஆச்சுன்னா, எனக்கு லிஃப்ட்னாலே பயம் பிடிச்சுக்கிச்சு. லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டி, இன்னிய வரைக்கும் ஒரு லிஃப்ட்லயும் ஏறினதில்ல. முட்டி வலியோட படிதான். யார்கிட்டயும் சொல்லிடாத, அவர் மானம் போயிடும்.

இல்ல இல்ல, உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லல. கயிறெல்லாம் அறாது. அஞ்சு கயிறு போட்டிருக்கான், ஒண்ணே போதுமாம் உன்னைத் தாங்க. அவர்தான் சொன்னார். அவர் சொன்னா சரியா இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட "நான் அதிகம் பேச மாட்டேன்"னார், அதுகூட சரியாத்தான் இருந்துச்சு.

இந்த ஓட்டலை யார் தேடிப் புடிச்சதுன்னு கேளு. நான்தான். எங்க பொண்ணு போன்ல பதினொரு ஓட்டல் அனுப்பிச்சா. "அம்மா, நீங்க ரெண்டு பேரும் மட்டும் போங்க, கடற்கரை, ரொமான்டிக்கா இருக்கும்"னு. எனக்கு வெட்கமாப் போச்சு, ஆனா ஒவ்வொண்ணாப் படிச்சேன். ஒரு ஓட்டல்ல கட்டில் மேல பூவால இதயம் போட்டு வைப்பானாம். இவர் அதைத் தட்டி விட்டுட்டுப் படுத்துத் தூங்கிடுவார். இன்னொண்ணுல துண்டை மடிச்சு ரெண்டு அன்னம் பண்ணி வைப்பானாம், மூஞ்சியோட மூஞ்சி ஒட்டி. இவர் குளிச்சுட்டு வந்து அதுல ஒண்ணை எடுத்துத் தலை துவட்டுவார். மெழுகுவத்தி வச்சு சாப்பாடுன்னு ஒருத்தன் போட்டிருந்தான். "கரண்ட் இல்லையா?"ன்னு கேப்பார், கேட்டுட்டு மெயின் ஸ்விட்ச்சைத் தேடிப் போயிடுவார். எனக்கு இவரைத் தெரியாதா?

அதுவும் கிளம்பினாத்தானே. இருபத்தாறு வருஷத்துல நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன், ஒரு நாளாவது மண்ணுல பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து சூரியன் இறங்கறதைப் பார்க்கணும்னு. "அங்க போய் என்ன வேலை?"ம்பார். வேலை இல்லாத இடத்துல அவருக்கு நிக்கத் தெரியாதும்மா. கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட அந்த மண்டபத்து லிஃப்டைப் போய்ப் பார்த்துட்டுத்தான் மாப்பிள்ளையைப் பார்ப்பார்.

மணி பாரு. நாப்பதா? இன்னும் இருவது நிமிஷம். இல்ல, சும்மாதான் கேட்டேன்.

எங்க விட்டேன்? ஆங், ஓட்டல். பதினோராவது ஓட்டல் இதுதான். இதோட படத்துக்குக் கீழ, தங்கிட்டுப் போனவங்க எழுதியிருந்ததைப் பார்த்தேன். "ரூம் சுமார். பாத்ரூம் சுமார். லிஃப்ட் அடிக்கடி நின்னுடுது." அடுத்தவர், "லிஃப்ட் நின்னுடுச்சு, குழந்தையைத் தூக்கிட்டு நாலு மாடி ஏறினோம்." அதுக்கும் அடுத்தவர் லிஃப்டைத் தவிர வேற எதையும் எழுதவே இல்ல, ஒரு பக்கத்துக்குத் திட்டி வச்சிருந்தார். எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வச்சுட்டு, சும்மா செய்தி படிக்கிற மாதிரி மூணையும் சத்தமாப் படிச்சேன். சாப்பிட்டுக்கிட்டிருந்த கை அப்படியே நின்னுச்சு. "எத்தனை மாடி?"ன்னார். அஞ்சுன்னேன். "ஏறும்போது நிக்குதா, இறங்கும்போதா?"ன்னார். எனக்கென்ன தெரியும், போனாத்தான் தெரியும்னேன். மறுநாள் பெட்டியை அவரே எடுத்து வச்சார்மா. துணிமணி ஒரு பக்கம், ஸ்பேனர் ஒரு பக்கம்.

சிரிக்கறியா? சிரி சிரி. அழறதுக்கு அது தேவலை.

ஆமா, லிஃப்ட் ரிப்பேரா இருக்கிற ஓட்டலாப் பார்த்துத் தேடிப் புடிச்சு வந்தது நான்தான். வந்தா ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடுவார், அப்புறம் கடல்தான், நான்தான், அவர்தான்னு கணக்குப் போட்டேன். இந்த லிஃப்டைப் பத்தி அவ்வளவு குறைச்சலா நினைச்சிருக்கக் கூடாது. முதல் நாள் பிரேக், ரெண்டாம் நாள் கன்ட்ரோல் பலகையில ஏதோ ஒயர். ரெண்டு நாளும் சூரியன் தனியா இறங்குச்சு, நான் தனியாப் பார்த்தேன். பக்கத்துல ஒரு நாய் உட்கார்ந்திருந்துச்சு. அதுகூட நல்லாப் பார்த்துச்சு.

இன்னிக்குக் காலையில கதை முடிஞ்சுச்சு. வேலை முடிஞ்சா அவருக்கு ஒரு பழக்கம், மேனேஜர்கிட்ட கையெழுத்து வாங்குவார், டூல் பையை மூடுவார், அந்த இடத்துல அப்புறம் ஒரு நிமிஷம் நிக்க மாட்டார். இங்க அவருக்கு யாரும் வேலையே கொடுக்கல, ஆனாலும் ஒரு தாளைக் கிழிச்சு எழுதி மேனேஜர்கிட்ட கையெழுத்து வாங்கியாச்சு. வந்து என்கிட்ட சொல்றார், "முடிஞ்சுது. ஆறு மணிக்கு பஸ் இருக்கு"ன்னு. ராத்திரிக்கும் ரூம் இருக்குங்கன்னேன். "வேலை முடிஞ்சுதே"ங்கறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீயே சொல்லு. நானே பேசாம இருந்தேன்னா பார்த்துக்க.

என்னம்மா? என்ன சொல்றே? சத்தமாச் சொல்லு... நீ கடலையே பார்த்ததில்லையா? இப்பத்தான் முதல் தடவையா? இன்னிக்கு அவரோட சேர்ந்து கடல்ல சூரியன் இறங்கறதைப் பார்க்கணும்னு, வழியில சாப்பிடக்கூட நிக்காம வந்தீங்களா...

...

இல்ல, இருக்கேன். இங்கதான் இருக்கேன். பேச்சை நிறுத்தல.

கண்ணு, நான் ஒண்ணு சொல்றேன். திட்டாத. திட்டினாலும் பரவாயில்ல, கேளு. மத்தியானம் இந்த மாடியில லிஃப்ட் கதவு திறந்து நின்னுச்சு. கதவு ஓடுறதுக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்குல்ல? கதவு முழுசா மூடலன்னா லிஃப்ட் கிளம்பாதுன்னு இருபத்தாறு வருஷமாக் கேட்டிருக்கேன். என் கொண்டை ஊசியை எடுத்து அந்தப் பள்ளத்துல போட்டுட்டேன். இங்கயே நிக்கும், இவர் வந்து தேடுவார், பஸ் போயிடும், ராத்திரி தங்கித்தான் ஆகணும்னு. ஆனா அது பாட்டுக்கு மூடிக்கிட்டுக் கிளம்பிடுச்சு. நாலு தடவை மேலயும் கீழயும் போச்சு. சரி, நமக்குக் கெட்டது செய்யக்கூட வராதுன்னு விட்டுட்டேன். நீ ஏறுற நேரமாப் பார்த்து, கதவை லேசா விலக்கி வேலையைக் காட்டிடுச்சு.

ஊசி இங்கதான் இருக்கு, என் கால்கிட்ட. அப்பவே எடுத்திருக்கணும். குனிஞ்சேன். அதுக்குள்ள இவர் ஓடி வந்து, பேசிக்கிட்டே இருன்னுட்டு மேல ஓடினார். இன்னும் கொஞ்ச நேரம், பஸ் போற வரைக்கும்னு என் புத்தி இப்படிப் போயிடுச்சு. என் சாயங்காலத்துக்காக உன் சாயங்காலத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டிருந்தேன். தப்பும்மா. பஸ் போனாப் போகட்டும், போகாட்டி அதுலயே நான் ஊருக்குப் போறேன்.

இரு, எடுக்கறேன். முட்டி... அம்மா... இதோ. வந்துடுச்சு.

பார்த்தியா, சத்தம் கேக்குதா! வருது, வருது. நேரா நில்லு, கதவுல சாயாத. வா கண்ணு, வா. கண்ணைத் துடை. இங்க பாரு, உன்கிட்ட நான் என்னன்னு... இரு, போன் அடிக்குது. அவர்தான்.

ஏங்க. ஆமா, வந்துடுச்சு, பொண்ணு நல்லா இருக்கா. என்ன? மூணாவது மாடிக் கதவுன்னு பலகையில லைட் மாறுச்சா? நான் எதை எடுத்தேனா? ...கொண்டை ஊசிங்க. என்னோடதுதான். நான்தான் போட்டேன். ஏன்னா கேக்கறீங்க? நாம ஏறாம பஸ்ஸு போகணும்னு போட்டேன்.

என்ன? திரும்பச் சொல்லுங்க. டிக்கெட்டை நாளைக்கு மாத்திட்டீங்களா? எப்ப? மத்தியானமா? என் முகம் ஒரு மாதிரி இருந்துச்சுன்னா மாத்தினீங்க? அதைச் சொல்லத்தான் ரூமுக்கு வந்தீங்களா... நான் இல்லையா... ஏங்க, நான் அப்ப இங்கதாங்க இருந்தேன். இந்த லிஃப்ட்கிட்டதான். ஊசி போட்டுக்கிட்டு.

அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு நாலு வார்த்தை வாயில வர மாட்டேங்குது உங்களுக்கு? ம்? என்ன போட்டிருக்கீங்க? நாற்காலியா? ரெண்டா? மொட்டைமாடியிலயா... மூணு பக்கமும் கடல் தெரியுதா?

கண்ணு, கேட்டியா இந்த மனுஷன் பண்ணியிருக்கிற... எங்க போயிட்டா? அதோ படியில செருப்புச் சத்தம். ரெண்டு ஜோடிச் செருப்பு. மேலேருந்து அவ வீட்டுக்காரர் வந்துட்டார் போல. போகட்டும் போகட்டும், மண்ணு சூடு ஆறியிருக்கும் இந்நேரம்.

ஏங்க, படி ஏறி வர்றதுக்குள்ள சூரியன் போயிடுங்க. என் முட்டி உங்களுக்குத் தெரியாதா. என்னது? இதுலயா? நானா? ...சரி பண்ணிட்டீங்கல்ல? கையெழுத்தெல்லாம் வாங்கினீங்கல்ல? அஞ்சாவது மாடியில நீங்க நிக்கணும், கதவு திறந்தா உங்க முகம்தான் தெரியணும்.

இருங்க, கால் வைக்கறேன். வச்சுட்டேன். உள்ள போன் எடுக்காதுங்க. அப்ப நீங்க மேலேருந்தே சத்தமாப் பேசுங்க. என்னத்தையா? எதையாவது. கடல் எப்படி இருக்குன்னு சொல்லுங்க, என்ன கலர்ல இருக்குன்னு சொல்லுங்க. நிறுத்தாதீங்க, எனக்குப் பயமா இருக்கும்ல.

கதவு மூடுதுங்க.

ம். கேக்குது. ம்... சொல்லுங்க... ஆரஞ்சா... ம்... அப்புறம்?