பிள்ளை இல்லை

— இன்னொரு வாட்டி சொல்லும்மா. நான்தான் ஆபீசரு. ‘உம் பேரு இன்னா?’

— கோவிந்தம்மா.

— ‘வயசு?’

— பெரிய வெள்ளம் வந்து ஏரி ஒடைஞ்சிச்சே, அந்த வருசம் நான் வயசுக்கு வந்தேன்.

— அத்தயெல்லாம் கேக்க மாட்டாரு. எயுவதுன்னு சொல்லு போதும். ‘வூட்டுக்காரரு?’

— செத்துட்டாரு. குடிச்சிக் குடிச்சே செத்தாரு. சொன்னா கேட்டாத்தான?

— எப்பிடி செத்தாருன்னு வாணாம். ‘புள்ள?’

— எம்மாடி.

— எம்மாடின்னா எயுதுவாரு? இருந்தான், செத்துட்டான். அவ்ளோதான்.

— வாயில வரலடா நைனா. நீயே எதிர்ல குந்திக்கினு கீற. மூஞ்சப் பாத்துக்கினு எப்பிடி சொல்றது?

— அப்ப திரும்பி குந்துறேன். தோ. இப்ப சொல்லு.

— முதுவு மட்டும் வேற யாருதா? சட்ட கியிஞ்சி கீது பாரு. கயட்டிக் குடு, தெச்சித் தரேன்.

— செத்தவனுக்கு எதுக்கும்மா சட்ட?

— அட தூ! வாயக் கயுவு மொதல்ல. வெள்ளிக்கெயமையும் அதுவுமா.

— சொல்றதக் கேளும்மா. புள்ளைன்னு ஒருத்தன் இருந்தா கெயவிங்களுக்கு கவர்மெண்டு பணம் குடுக்காது. புள்ள பாத்துக்கட்டும்னு வெரட்டிடுவாங்க. சட்டம் அப்பிடி. ஜெயம்மா தம் புள்ள செத்துட்டான்னு சொல்லல?

— அவ புள்ள மெட்ராஸ் போனவன், பொங்கலுக்குக்கூட எட்டிப் பாக்கல. அவ வயித்தெரிச்சல்ல சொல்லிட்டா.

— எதிர்வூட்டுக் கெயவி? அது புள்ள அதுகூடவேதான கீறான். அதுவும் சொல்லிடுச்சி. லாரி ஏறி செத்தானாம்.

— அந்தத் தடியனா? காலையிலகூட எங்கிட்ட தீப்பெட்டி வாங்கிக்கினு போனான்!

— இப்ப எங்க கீறான் தெரியுமா? ஏரிக்கரையில. ஆபீசரு வராருன்னு, இந்தத் தெருவுல செத்தவனுங்க எல்லாம் அங்கதான் சீட்டாடிக்கினு கீறானுங்க.

— சிரிப்பு காட்டாதடா, வயிறு வலிக்குது.

— மெய்யாதாம்மா. நீ ஒயுங்கா சொல்லிட்டின்னா நானும் போயி குந்திக்குவேன்.

— அப்ப தெருவுல இன்னிக்கி ஒரு ஆம்பளப் புள்ள உசுரோட இல்ல, ம்?

— பூரா கெயவன் கெயவிங்கதான். எளசுங்கள்ல பாதி மெட்ராஸ்ல கட்டட வேல, பாதி கம்பெனி வேல. மீதி ஏரிக்கரை.

— வர்ற ஆபீசருக்கு கண்ணு இல்லியா?

— ஊருக்கு புதுசு. தலையாரி பெருமாளுக்கு எல்லாம் தெரியும், அவரு வாயத் தொறக்க மாட்டாரு. அவரு அத்தக்காரியும் இப்பிடித்தான் பணம் வாங்குது.

— குப்பா.

— அந்தப் பேர ஆபீசரு முன்னாடி கூப்புட்டுத் தொலைக்காத.

— ஒனக்கு முன்னாடி ரெண்டு போச்சிடா எனக்கு. ஒன்னு பால் குடிக்கிறப்ப. ஒன்னு நடக்க ஆரம்பிச்சி. ஒன்னையாவது காப்பாத்தணும்னு, பொறந்த ஒடனே குப்பையில போட்டு எடுத்தேன். முனிரத்தினம்னு வெச்ச பேர மறைச்சி, குப்பான்னு கூப்ட்டேன். பக்கத்து வூட்டுக்காரி கையில குடுத்து, அவகிட்டேந்து தவுட்டுக்கு வாங்கினேன். இது நான் பெத்த புள்ள இல்ல, வெலைக்கு வாங்கின புள்ளன்னு தெருவுல நின்னு கத்தினேன். எமன் காதுல வுயட்டும்னு.

— வுயுந்துச்சில்ல? அதான் பொயச்சிக் கீறேன். இதுவும் அதே பொய்தாம்மா. புள்ள செத்துட்டான்னு நீ சொல்லு. எமன் வந்து பாப்பான், சரி, இங்க வேல முடிஞ்சிச்சின்னு அடுத்த வூட்டுக்குப் போயிடுவான்.

— நெசமாவாடா?

— நெசமா.

— அப்ப கேளு. கேளுடா ஆபீசரு.

— ‘ஏம்மா, புள்ள?’

— இருந்தான் சாமி. செத்துட்டான்.

— ‘எப்பிடி?’

— நாயுடு கெணத்துல வுயுந்துட்டான். நல்லா நீச்சல் தெரியும் சாமி. அன்னிக்கி மட்டும் தெரியாமப் போச்சி.

— சூப்பரும்மா! ‘எப்ப?’

— போன ஆடியில, கூழு ஊத்தின அன்னிக்கி. ராஜா கணக்கா இருப்பான் சாமி.

— யாரு, நானா?

— செத்தவன சொல்றேன், நீ கம்னு கெட. ஒரு குண்டான் சோறு துன்னுவான் சாமி. இப்பதான் ஒரு வாயி வெச்சிட்டு எயுந்துடுறான். ராவெல்லாம் இருமிக்கினு...

— எம்மா, செத்தவன் எப்பிடி இருமுவான்?

— ஆமால்ல. அத்த வுட்டுடுறேன்.

— மத்ததெல்லாம் நல்லா கீது. கண்ணுலகூட தண்ணி வந்துடுச்சி ஒனக்கு.

— எனக்கு வந்துச்சி சரி. நீ எதுக்குடா தொடச்சிக்கிற?

— தூசி.

— குப்பா, இங்க திரும்பு. இவ்ளோ நாளு இல்லாம இப்ப இன்னாத்துக்கு இது? போன வருசம் ஜெயம்மா வந்து, நீயும் எயுதிக் குடுன்னு சொன்னப்ப, நான் உசுரோட கீற வரைக்கும் எங்கம்மாவுக்கு நான்தான் சோறு போடுவேன்னு அவள வெரட்டினியே.

— அப்ப சொன்னேன்.

— இப்ப இன்னாடா ஆச்சி?

— கல்லு ஒடைக்கிற கிரஷருக்குப் போறதில்லம்மா. நின்னுட்டேன்.

— காலையில சோத்து டப்பா எடுத்துக்கினு போறியே?

— பஸ் ஸ்டாண்டுல குந்திக்கினு இருந்துட்டு வரேன்.

— அந்தக் கல்லு தூசி ஒத்துக்கல, அதான? பெரியாஸ்பத்திரில மருந்து குடுத்தாங்களே?

— குடுத்தாங்க. எக்ஸ்ரேவ வெளிச்சத்துல தூக்கிக் காட்டினாங்க. நெஞ்சு ரெண்டு பக்கமும் கல்லு மாவுதாம்மா. அத்த எடுக்க முடியாதாம்.

— வேற டாக்டரப் பாப்பம். காஞ்சிபுரத்துல...

— பாத்துட்டேன். அங்கயும் அதேதான். பொங்கல் தாண்டறதே சந்தேகமாம்.

— எவன் சொன்னான்? எவன்டா சொன்னான்?

— கத்தாதம்மா. கேளு. இந்தப் பணம் வந்துச்சின்னா போஸ்ட்மேன் மாசாமாசம் வூட்டுக்கே வந்து குடுப்பாரு. நீ யாரு வாசல்லயும் போயி நிக்க வாணாம். எனக்கும் பொண்டாட்டி புள்ளைன்னு யாரு கீறாங்க, ஒன்னப் பாத்துக்க? பொய்யின்னு நெனைக்காதம்மா. கொஞ்சம் முன்னாடியே சொல்ற, அவ்ளோதான்.

— மத்தியானம் இன்னா துன்ன?

— எம்மா...

— கோவிந்தம்மா! வூட்டுலதான கீற? ஐயா, இப்பிடி வாங்க. குனிஞ்சி வாங்க, தல இடிக்கும்.

— ஐயோ, பெருமாளு. அதுக்குள்ள வந்துட்டாங்க. எம்மா, போன ஆடி, நாயுடு கெணறு. என்னப் பாக்காத, அவரப் பாத்து சொல்லு.

— நீங்கதான் கோவிந்தம்மாளா? உக்காருங்க, எழுந்திருக்க வேண்டாம். வயசு என்னம்மா?

— எயுவது.

— கணவர்?

— செத்துட்டாரு.

— இவர் யாரு?

— பக்கத்து வூடு சார். சொம்மா வந்தேன். தோ, கெளம்பிட்டேன்.

— இருங்க, இருங்க. தெருவே காலியா இருக்கு. சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் வேணும். சொல்லுங்கம்மா, பிள்ளை யாராவது இருக்காங்களா?

— ...

— அம்மா, காது கேக்குதா? மகன் இருக்கானா?

— கோவிந்தம்மா, ஐயா கேக்குறாருல்ல? இருந்தான், செத்துட்டான்னு சொல்லேன்.

— பெருமாளு, நீ கம்னு இரு. எங்கிட்டதான கேக்குறாரு.

— சார், கெயவிக்கு அந்தப் பேச்ச எடுத்தாலே இப்பிடி ஆயிடும். போன ஆடியில, நாயுடு கெணத்துல வுயுந்து...

— நீங்க ரெண்டு பேரும் பேசாதீங்க. அவங்க வாயாலதான் சொல்லணும், அதைத்தான் நான் எழுத முடியும். அழாதீங்கம்மா. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா வேலை முடிஞ்சுடும். மகன் இருக்கானா, இல்லையா?

— கீறான் சாமி. பேரு முனிரத்தினம். தோ, ஓம் பக்கத்துலயே நிக்கிறான். உசுரோட கீறான்னு நல்லா பெருசா எயுதிக்கோ.