அறுபத்திரண்டு நாட்கள்

எங்கள் அறையில் கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். ஜன்னல் கிடையாது. மெஷினுக்குக் குளிர் வேண்டும், மனிதன் எப்படியும் பொறுத்துக்கொள்வான் என்று கட்டிய அறை. இருபத்தொன்பது வருடம் அதில் இருந்தேன்.

இந்த விசாரணையில் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள், ஐயா. எனக்கு வேறு விதமாகச் சொல்ல வராது.

சிறைத்துறையின் கணினி மையத்தில் டேப் அறை என் பொறுப்பு. கைதி உள்ளே வேலை செய்தால் தண்டனையில் நாள் கழியும். தச்சுக்கூடத்திலோ தறிக்கூடத்திலோ யார் எத்தனை நாள் வேலை செய்தார், எத்தனை நாள் கழிவு என்பது மாதாமாதம் மெயின்ஃபிரேம் என்கிற எங்கள் பெரிய கணினிக்கு வந்து டேப்பில் ஏறும். உள்ளங்கை அகல கார்ட்ரிட்ஜ்கள், மொத்தம் மூவாயிரத்து நூற்று நாற்பது. ஒருவரின் விடுதலைத் தேதியைக் கணக்கிட, அவர் உள்ளே இருந்த வருடங்களின் டேப்புகளை எல்லாம் டிரைவில் போட்டுப் படிக்க வேண்டும்.

டிரைவுகளுக்கு வயதாகிவிட்டது. உதிரிபாகமும் கிடைப்பதில்லை. சில நாள் டேப்பை உள்ளே இழுத்துக் கடித்துத் துப்பும். வருடத்துக்கு ஒருமுறை எல்லா டேப்பையும் படித்துப் பார்த்து, நன்றாக இருக்கின்றன என்று நான் கையெழுத்திட வேண்டும். போட்டால் கடித்துவிடுமோ என்று பயம். போடாவிட்டால் கெட்டிருக்கிறதா என்று தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஏழு வருடம் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். வேறு கட்டடத்தில் வைக்க இரண்டாவது பிரதி எடுப்பதும் என் வேலைதான். அதையும் விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

பிறகு மெய்நிகர் டேப் வந்தது. அலமாரி உயரத்தில் ஒரு பெட்டி, உள்ளே முழுக்க டிஸ்க். ஆனால் மெயின்ஃபிரேமிடம் தன்னை டேப் டிரைவ் என்றே சொல்லிக்கொள்ளும். மெயின்ஃபிரேமும் நம்பிவிடும். “வேஷம் கட்டத் தெரிஞ்ச பெட்டிம்மா இது” என்றேன். அதைப் பொருத்த வந்த இன்ஜினியர் பெண் சிரித்தாள். நல்ல பெண். குளிருக்குக் கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை, கையில் எப்போதும் ஒரு டீ.

பழைய டேப் ஒவ்வொன்றையும் பழைய டிரைவில் கடைசியாக ஒருமுறை படித்து, அந்தப் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும். பத்து வாரம் ஆனது. கடைசி வாரம் அவளுக்குக் காய்ச்சல்.

“இன்னும் நாப்பது டேப்தானே சார். நீங்களே முடிச்சிடுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

அந்த நாற்பதில் ஒன்பது படிக்கவில்லை. வியாழக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் நாடா கசங்கி, ஓரத்தில் பழுப்பாகப் பொடி உதிர்ந்திருந்தது. ஒன்பதும் ஒரே அரையாண்டின் வேலை நாள் கழிவுக் கணக்குகள்.

படிக்கவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் முதல் கேள்வி என் ஏழு கையெழுத்தைப் பற்றி வரும். ஓய்வு பெறப் பதினைந்து மாதம் இருந்தது. இருபத்தொன்பது வருடத்தில் என் மேல் ஒரு புகார் கிடையாது. நீங்களே கோப்பில் பார்த்திருப்பீர்கள்.

பெட்டிக்குள் ஒன்பது புது டேப்புகளை உருவாக்கினேன். அதே எண், அதே தேதி, அதே தலைப்பு. உள்ளே நாள் வர வேண்டிய இடமெல்லாம் பூஜ்யம். நாற்பது நிமிட வேலை. மெயின்ஃபிரேம் ஏற்றுக்கொண்டது. மூவாயிரத்து நூற்று நாற்பதும் மாற்றப்பட்டன என்று சான்றிதழில் கையெழுத்திட்டேன். அதை நம்பித்தான் சிறைகளில் இருந்த பழைய காகிதப் பதிவேடுகளைக் கூழாக்க அனுப்பினார்கள். அந்த உத்தரவு நான் போட்டதில்லை.

உள்ளிருப்போர் பட்டியல் வேறு டேப்பில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அந்த அரையாண்டில் வேலை செய்து, இன்னும் உள்ளே இருப்பவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். நாற்பத்தாறாவது பெயர் என் மனைவியின் தம்பி.

ஒரு கைகலப்பில் இவன் தள்ளிய ஆள் கல்லில் விழுந்து இறந்துபோனதற்காக ஏழு வருடம். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். உள்ளே தச்சு கற்றுக்கொண்டான். அந்த அரையாண்டில் விடுமுறை நாட்களிலும் வேலை செய்து அறுபத்திரண்டு நாள் சம்பாதித்திருந்தான். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தான்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்: “இருபதாம் தேதி வந்துடுவேன் மாமா. நாலு தடவை கூட்டிப் பாத்துட்டேன். அக்காவ வாசலுக்கு வரச் சொல்லுங்க.”

“பாக்கலாம்” என்றேன். பொய் சொல்லவில்லை.

இருபதாம் தேதி என் மனைவி ஒரு புதுச் சட்டையை எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கே சிறை வாசலுக்குப் போனாள். சாயங்காலம் சட்டையோடு திரும்பி வந்தாள்.

“கம்ப்யூட்டர்ல அவனுக்கு அந்த நாளெல்லாம் இல்லையாம். இன்னும் ரெண்டு மாசமாம். உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்தானேங்க? ஒருவாட்டி பாருங்களேன்.”

“பாத்துட்டேன். அதுல அப்படித்தான் இருக்கு.”

அவளுக்கு என் மேல் நம்பிக்கை அதிகம். தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் உட்காருவதும் டேப் அறையில் உட்காருவதும் எனக்கு ஒன்றாகிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அவள் டம்ளர் வைக்கிற சத்தத்துக்குக்கூட நான் பதில் தயாராக வைத்திருந்தேன்.

இரண்டு வாரத்தில் சிறை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவன் நோட்டின் நகலை இணைத்து, மையத்தில் ஏதாவது பதிவு உண்டா என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கடிதம் வரவேண்டிய மேஜை என்னுடையதுதான். நகலை இரண்டு முறை படித்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ‘எங்கள் ஆவணங்களின்படி அத்தகைய வேலை நாட்கள் எதுவும் இல்லை’ என்று தட்டச்சு செய்து அனுப்பினேன். அந்த வருடம் அதே மாதிரி பத்தொன்பது பேர் கேட்டிருந்தார்கள். பத்தொன்பது பேருக்கும் அதே வாக்கியம்தான்.

பதில் கிடைத்த பிறகு அவன் எந்தத் தேதியையும் நம்பவில்லை என்று உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த இருபதாம் தேதியிலிருந்து முப்பத்தெட்டாவது நாள் காலையில் தச்சுக்கூடத்தின் கூரைமேல் ஏறி மதிலைப் பிடிக்கப் பார்த்திருக்கிறான். தகரம் உடைந்து கீழே விழுந்தான். ஆஸ்பத்திரி வரைகூட உயிர் தாங்கவில்லை.

“இருபத்துநாலு நாள்தானே பாக்கி இருந்துச்சு. பொறுக்கக் கூடாதா அவன்?” என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அவன் எப்பவுமே அவசரக்காரன்” என்றேன். அவளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் ஆனதும் பெட்டியைப் பரிசோதிக்க அந்த இன்ஜினியர் பெண் வந்தாள். அந்தப் பெட்டி தரவைச் சுருக்கி வைக்கும். வெறும் பூஜ்யம் என்றால் சுருங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும். எனக்கு அது தெரியாது.

“ஏன் சார், இந்த ஒன்பது டேப் மட்டும் இடமே எடுத்துக்கலையே?”

“அந்த ஆறு மாசம் வேலைக்கூடமெல்லாம் மூடியிருந்துதும்மா.”

“எல்லா ஜெயில்லயுமா சார்?”

நான் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினேன். அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு அறிக்கை எழுதப் போய்விட்டாள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாற்றும் வேலை தொடங்கிய முதல் நாளே அவள் என்னிடம் சொல்லியிருந்தாள்: “படிக்காத டேப் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க சார். எங்க லேப்ல மூணு வாரத்துல உள்ள இருக்கறத எடுத்துக் குடுத்துடுவாங்க. காரணம் எழுதி ஒரு லெட்டர் போதும்.” அதனால் நான் தூக்கிப் போடவில்லை. ஒன்பதும் என் வீட்டு அலமாரியில், பழைய போர்வைகளுக்கு அடியில் இருக்கின்றன. அந்த முப்பத்தெட்டு நாளும் அவை அங்கேதான் இருந்தன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், என் மனைவி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

இன்னொன்று. மச்சினன் ஒருவனுடைய நாட்களை மட்டும் நான் தனியாக ஏற்றியிருக்கலாம். நோட்டின் நகல் கையில் இருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகாது. செய்யவில்லை. சொந்தக்காரனுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று என் வேலையில் நான் ஒருநாளும் நடந்துகொண்டதில்லை, ஐயா. அதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.