பால் காபி கேட்காத மனிதர்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பால் காபி கேட்பவர்களை நான் குறை சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரியாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அதன் மேல் பாலை ஊற்றுவது நம் இத்தாலிக்காரர்களுக்குத்தான் அருவருப்பு. நீங்கள் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், ஐயா. இருந்தாலும் நீங்களும் கேட்கமாட்டீர்கள். வெளிநாட்டுக்காரர்கள் கேட்பார்கள். இத்தனை வருடம் வழிகாட்டியாக இருக்கிறேன், ஒரு கூட்டத்தில்கூட அது தவறியதில்லை. எனவே இங்கிருந்து ஆரம்பிப்பதுதான் சரி.

என் வேலை சுலபமானது. காலையில் பொம்பெயி இடிபாடுகள், மதியம் என் தம்பியின் தோட்டவீட்டில் சாப்பாடு, பிற்பகலில் வெசூவியஸ் எரிமலையின் வாய்வரை நடை. இருட்டுவதற்குள் நேப்பிள்ஸில் இறக்கிவிடுவோம். ஒரே நாளில் மூன்று. யாருக்கும் எதுவும் முழுதாக நினைவிருக்காது, ஆனால் எல்லோரும் சந்தோஷமாகப் போவார்கள்.

ஒவ்வொருவர் காதிலும் ஒரு சின்னக் கருவி மாட்டிவிடுவேன். என் சட்டைக் காலரில் மைக் இருக்கும். நான் முணுமுணுத்தாலும் அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் என்ன சொன்னாலும் எனக்குக் கேட்காது. நல்ல ஏற்பாடு.

அன்று காலை பஸ்ஸில் ஏறும்போதே ஓட்டுநர் சபாத்தோ என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"எர்சிலியா, இன்னைக்குக் கொஞ்சம் அடக்கி வாசி. நம்ம கம்பெனியோட மிலான் ஆபீஸ்ல இருந்து ஆள் வருதாம்."

"எந்த ஆளு?"

"டூரிஸ்ட் மாதிரி உக்காந்து எல்லாத்தையும் நோட்டம் விடுற ஆளு. சாப்பாட்டை உன் தம்பிகிட்டருந்து பிடுங்கி ஹைவே ஓட்டலுக்குக் குடுக்கப் பாக்குறாங்க. காரணம் தேடி அனுப்புறாங்க."

"யாருன்னு தெரியுமா?"

"தெரிஞ்சா அப்புறம் ஒளிஞ்சு வந்து என்ன பிரயோஜனம்? நான் வண்டி ஓட்டுறவன்மா, ஜோசியக்காரன் இல்ல."

என் தம்பி ஒத்தாவியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலைச்சரிவில் தீப்பிடித்த கோடையில் அவனுடைய திராட்சைக் கொடிகள் எல்லாம் போய்விட்டன. புதிதாக நட்டிருக்கிறான். அவை காய்க்கும்வரை எங்கள் பஸ்தான் அவனுக்குச் சோறு. பஸ் வராவிட்டால் அந்த வீடு இல்லை. ஒயின் தொலைவிலுள்ள புலியா மாநிலத்திலிருந்து டாங்கர் லாரியில் வருகிறது. அதைப் புட்டியில் அடைத்துத் தன் பெயரை ஒட்டுகிறான். எரிமலைச் சாம்பலில் விளைந்த திராட்சை என்று மைக்கில் தினமும் சொல்வது நான். கொடிகள் வளர்ந்தால் அது உண்மையாகிவிடும். நான் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பொம்பெயியில் நான் எல்லோரையும் கவனித்தேன். மொய்ரா என்று ஸ்காட்லாந்துக்காரப் பெண்மணி ஒருவர், சிவப்புத் தொப்பி, வாய் ஓயவில்லை. சாம்பலில் புதைந்து செத்தவனின் வார்ப்பைப் பார்த்துக் கண்கலங்கினார், உடனே கழிப்பறை எங்கே என்று கேட்டார். அது வழக்கம்தான். செருப்புப் போட்ட ஜெர்மானியத் தம்பதி ஒன்று. விலைமாதர் வீடு எப்போது வரும் என்று மூன்று இளைஞர்கள் கேட்டுக்கொண்டே வந்தார்கள். அதுவும் வழக்கம்.

ஒருவர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. பதிவில் ஹார்மன், நெதர்லாந்து என்று இருந்தது. அறுபது தாண்டியவர், உயரம். மற்றவர்கள் தெருக் கற்களில் தடுக்கித் தடுக்கி நடந்தார்கள். அவர் கீழே பார்க்காமல் நடந்தார். நான் சொல்லும் நகைச்சுவைக்கு மற்றவர்களுக்கு முன்பே சிரித்தார். அப்போதும் நான் சந்தேகப்படவில்லை. நான் அவசரக்காரி அல்ல.

சாப்பாட்டில்தான் தெரிந்தது. மனிதன் எந்த வேஷம் வேண்டுமானாலும் போடலாம், தட்டின் முன்னால் உட்கார்ந்தால் கலைந்துவிடும்.

நாங்கள் போய் இறங்கியபோது டாங்கர் லாரி கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் சமையலறைக்குள் போனேன்.

"ஒத்தாவியோ, உனக்கு மூளை இருக்கா? இன்னைக்குப் போயா லாரிய வரச்சொன்ன?"

"நான் எங்கக்கா வரச்சொன்னேன்? அவனா வந்து நிக்கிறான். திருப்பி அனுப்பினா இனி அடுத்த மாசம்தானாம்."

"அவருக்கு மூளை இருந்திருந்தா என்னைக் கட்டியிருப்பாரா?" என்றாள் அவன் மனைவி நுன்சியா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "அடுப்பு எரியுது. அக்காவும் தம்பியும் கொஞ்சம் தள்ளி நின்னு அடிச்சுக்கங்க."

அப்போது வாசலில் ஹார்மன் நின்றார். கை கழுவ இடம் தேடி வந்தாராம். லாரியிலிருந்து குழாய் நேராக எங்கள் பீப்பாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. குழாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிரித்தார், போய்விட்டார்.

ஒத்தாவியோ தக்காளிக் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"யாருக்கா அது?"

"டச்சுக்காரர்."

"டச்சுக்காரனுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காதுல்ல?"

நான் கூடத்துக்குப் போய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஸ்பகெட்டியைக் கத்தியால் வெட்டினார்கள். அவர் முள்கரண்டியால் சுற்றினார், கரண்டியைத் துணைக்குக்கூட எடுக்கவில்லை. முடித்ததும் ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் மிச்சமிருந்த குழம்பைச் சுத்தமாகத் துடைத்துச் சாப்பிட்டார். நுன்சியா தட்டுகளை எடுத்துக்கொண்டு வரும்போது, "அக்கா, இந்தத் தட்டப் பாருங்க. கழுவவே வேணாம். நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரி வழிச்சு வச்சிருக்காரு" என்றாள்.

பிறகு காபி. மொய்ரா பெரிய கோப்பையில் பால் காபி கேட்டார், நுரை நிறைய. ஜெர்மானியர்களும் அதே. மூன்று இளைஞர்களும் அதே. ஹார்மன் கடுங்காபி கேட்டார். அது பரவாயில்லை, புத்தகத்தில் படித்திருக்கலாம். ஆனால் கூட வந்த தண்ணீரை முதலில் குடித்தார், காபியைப் பிறகு குடித்தார். ஐயா, வெளியூர்க்காரன் காபியைக் குடித்துவிட்டு வாய் கசக்கிறதென்று தண்ணீர் குடிப்பான். வாயைச் சுத்தம் செய்துகொண்டு காபிக்குத் தயாராவது நேப்பிள்ஸ்காரன். அதை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது.

அவர் என்னைப் பார்த்துக் கோப்பையைச் சற்று உயர்த்தினார். அருகில் போனேன். எங்கள் ஊர்ப் பேச்சில், மெதுவாக, சொன்னார்.

"சாப்பாடு பிரமாதம்மா. ஒயினும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மலையோடது இல்லையே."

நான் மேசைமேல் கிடந்த ரொட்டித் துகள்களை வழித்தெடுத்தேன்.

"பயப்படாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

உளவு பார்க்க வந்தவன் வேறென்ன சொல்வான்? மிலான்காரர்கள் புத்திசாலிகள். எங்களைப் பிடிக்க எங்கள் ஆளையே விலைக்கு வாங்கி, அவனுக்கு ஒரு டச்சுப் பெயரும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மிலான்காரன் வந்திருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

சமையலறையில் ஒத்தாவியோ என் முகத்தைப் பார்த்ததுமே, "முடிஞ்சுதாக்கா?" என்றான்.

"முகத்தைத் தொடச்சுக்கிட்டுப் போய் எல்லாருக்கும் எலுமிச்சை மது ஊத்து. நான் பாத்துக்கறேன்."

பணம் கொடுத்துச் சரிக்கட்டலாமா என்று பஸ்ஸில் யோசித்தேன். லஞ்சம் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. என் அப்பாவும் அப்படி எங்களை வளர்க்கவில்லை.

மலைமேல் ஏறும்போது வானம் தெளிவாக இருந்தது. பாதி தூரத்தில் மேகம் இறங்கியது, மழையும் தூறியது. அங்கே அது சகஜம்; சட்டென்று எல்லாம் வெள்ளையாகிவிடும், தன் கையே தனக்குத் தெரியாது. மேலே எரிமலை வாயை ஒட்டிப் போகும் பாதையில் ஓர் இடத்தில் போன வார மழை கைப்பிடி வேலியை அடித்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு குச்சி நட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள். வழிகாட்டிகள் எல்லோருக்கும் தெரியும். பாதைக் காவலர் மழைக்குப் பயந்து உள்ளே போய்விட்டார். அவரைக் குறை சொல்லாதீர்கள், அவருக்கு மூட்டுவலி.

ஹார்மன் பின்தங்கினார். மலையடிவாரத்துப் போஸ்கோ ஊர் தெரியும் பக்கமாக நின்று மேகம் விலகுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மற்றவர்களை உச்சியிலிருந்த கடைக்குள் அழைத்துப்போய், சூடாக ஏதாவது குடியுங்கள் என்று சொல்லி, காதுக் கருவிகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்று மட்டும் வெளியே இருந்தது.

"அந்த அமைதியான மனிதர் எங்கே?" என்று மொய்ரா கேட்டார்.

"வந்துகிட்டிருக்கார்" என்றேன். அது உண்மைதான்.

கடைக்குப் பின்னால் போய் நின்றேன். எப்போதும் ஆங்கிலத்தில்தான் மைக்கில் பேசுவேன். அன்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசினேன். அவருக்கு அது சௌகரியமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"ஹார்மன், நான்தான் எர்சிலியா. பதறாதீங்க. பாதையில வேலை நடக்குது, அதனால சுத்திப் போகணும். வலது கைப்பக்கம் ஒரு ரிப்பன் தட்டுப்படும். தட்டுப்படுதா? அதைத் தாண்டுங்க. கொஞ்சம் சரிவா இருக்கும், கல்லு வழுக்கும், அப்படித்தான் இருக்கும். நான் கீழதான் நிக்கிறேன். இன்னும் ரெண்டு அடி வைங்க. வாங்க."

கற்கள் உருளும் சத்தம் கேட்டது. அந்த மலையில் எப்போதும் ஏதாவது கல் உருண்டுகொண்டேதான் இருக்கும். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "ஹார்மன், அங்கேயே நில்லுங்க" என்றும் சொன்னேன்.

காவலரை முதலில் கூப்பிட்டது நான். மழையில் நனைந்துகொண்டே பெயர் சொல்லிக் கத்தியதும் நான். தொண்டை கட்டிப் பல நாள் சரியாகவில்லை.

அடுத்த வாரம் மிலானிலிருந்து தகவல் வந்தது. வந்த ஆள் மொய்ராவாம். ஒரு ஸ்காட்லாந்துக்காரியைக் கூலிக்கு அமர்த்தியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரியை வெளிநாட்டுக்காரியாகவே அனுப்புவார்கள் என்று யார்தான் நினைப்பார்கள்? தம்பி வீட்டுச் சாப்பாட்டை மாற்றவே கூடாது என்று அடித்துச் சொல்லியிருந்தார். ஒயினில் எரிமலையின் மணம் தெரிந்ததாம். என்னைப் பற்றியும் நல்லபடியாக எழுதியிருந்தார். ஒத்தாவியோ என்னைக் கட்டிப்பிடித்து அழுதான்.

ஹார்மனின் மகள் உடலை வாங்கிப்போக வந்தாள். மரைக்கே என்று பெயர். அப்பாவோடு கடைசியாக இருந்தவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதால் தம்பி வீட்டுக்கு அழைத்து வந்தேன். நுன்சியா அவளுக்கும் ஸ்பகெட்டி வைத்தாள். எங்கள் ஊர்ப் பேச்சை அவளும் தடுமாறாமல் பேசினாள்.

"எங்க அம்மா போஸ்கோதான். பேரு அசுந்தா. தாத்தாவுக்கு இங்க திராட்சைத் தோட்டம் இருந்துச்சு. அப்பாவுக்குச் சாப்பிடச் சொல்லிக்குடுத்ததே அம்மாதான். ஸ்பகெட்டிய வெட்டினா கையிலயே போடுவாங்க."

"அம்மா வரலயா?" என்று கேட்டாள் நுன்சியா.

"அவங்க போயி நாலு வருஷம் ஆச்சு. அவங்க ஊர மேலருந்து ஒரு தடவ பாக்கணும்னுதான் அப்பா தனியா வந்தாரு. எல்லாத்தையும்விட அம்மா பேச்சத்தான் தேடுவாரு. அந்தப் பேச்சு என் காதுல விழுந்தே ரொம்ப நாளாச்சுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

அன்று விழுந்தது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம் அளவாகத்தான் பேச வேண்டும்.

நான் தப்பாகக் கணித்துவிட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மேசையில் என் இடத்தில் யார் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பார்கள். இங்கே ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்: தண்ணீரை முதலில் குடிக்கிற டச்சுக்காரன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு வேண்டுகோள். லாரி விஷயத்தை எழுதாமல் விட முடியுமா? தம்பிக்கு வேறு எதுவும் தெரியாது. கொடிகள் நன்றாகப் படர்ந்திருக்கின்றன, இந்த வருடமே காய்க்கும் என்கிறான்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். நானாகத்தான் வந்தேன். உங்கள் அறிக்கையைப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள், அதை அந்தப் பெண்ணும் படித்திருப்பாள். வழிகாட்டி சொன்னதைக் கேட்காமல் போனதால் இறந்தார் என்று இருந்தது. அது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. திருத்திவிடுங்கள், ஐயா. நான் சொன்னதை அவர் அப்படியே கேட்டார். என் கூட்டங்களில் அவ்வளவு கவனமாகக் கேட்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை.