கேர்னலைக் கட்டியவன்

இரவு பத்தரை. மடுல்கெல்லயிலிருந்து கண்டிக்கு இறங்கும் தெரு... ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். இரண்டாயிரத்து எட்டு, போர் உச்சத்தில். அந்த நேரத்தில் தெருவில் நாய்கூட நிற்காது. கிட்ட வந்து உட்காருங்கள், சத்தம் போட்டுச் சொல்லுகிற கதையில்லை இது.

நம் இராஜேஸ்வரியின் சித்தப்பா நவரட்ணராஜாவுக்கு நடந்தது. வான் வண்டிக்குள் அவரும் சாரதி காளிமுத்துவும் மட்டும். அவர் மடியில் ஒரு பை. பைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கணினிப் பலகை, சின்னத் திரையோடு. தேயிலை உலர்த்தியை இயக்குவதற்கென்றே கட்டிய கேர்னல் அதில் இருந்தது. மின்சாரம் வந்ததும் முதலில் எழும்பி, மற்ற எல்லாவற்றையும் எழுப்புகிற நிரல்தான் கேர்னல். மறுநாள் கொழும்பில் அதை இயக்கிக் காட்டினால் சிங்கப்பூரில் வேலை நிச்சயம்.

ஆனால் கட்டியது அவரில்லை. அறைத்தோழன் யோகேந்திரன் ஒரு வருடம் கண்விழித்துக் கட்டியது. வேலை முடிந்த கையோடு நவரட்ணராஜா பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். "அறை முழுக்க வயர், பற்றரி... அவன் குண்டு செய்யிறான்." அன்று கொண்டுபோன பிள்ளை திரும்பவே இல்லை. சண்டாளத்தனம், வேறென்ன?

கேர்னலைக் கட்டும்போது கட்டியவன் பெயர் தானாகவே அதற்குள் பதிந்துவிடும். பலகை விழித்ததும் முதல் வரியில் அதைக் காட்டும். அதனால் தன் பெயர் வரும்படி நவரட்ணராஜா மறுபடி கட்டிவைத்திருந்தார். புறப்பட்ட அன்று காலை பார்த்தபோதும் அவர் பெயர்தான் வந்தது.

ஒரு வளைவில்... டிக்.

மடி சுட்டது. ஈயம் பற்றவைக்கும்போது எழும் குங்கிலியப் புகை வாசம்... யோகேந்திரனின் சட்டையில் எப்போதும் இருந்த வாசம்.

"சார், பைக்குள்ள என்னங்க வெளிச்சம்?"

"ஒண்டுமில்லை. நீ ரோட்டைப் பார்."

திறந்தார். பற்றரி தனியே கிடந்தது. ஆனாலும் திரை எரிந்தது. முதல் வரியில்... யோகேந்திரன்.

பலகையில் செருகியிருந்த, கேர்னல் பதிந்த நினைவக அட்டையைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார். அட்டை இல்லாவிட்டால் பலகை வெறும் தகடு. எழுத்து அழியவில்லை. கீழே இன்னொரு வரி ஊர்ந்து வந்தது. 'உடன் கட்டியவர்: நவரட்ணராஜா.'

வான் நின்றது. சோதனைச் சாவடி.

டோர்ச் வெளிச்சம் திரையில் நின்றது. சிப்பாய் பெயரை வாசித்துவிட்டு அதிகாரியைக் கூப்பிட்டான். அதிகாரி அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். குண்டு செய்கிறான் என்று பிடிபட்டவனின் பெயரை அவன் மறந்திருக்கவில்லை.

"யோகேந்திரன் கவுத?"

யோகேந்திரன் யார்? நவரட்ணராஜா சிங்களம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிறவர். வாயைத் திறந்தார்... ஒரு சிங்களச் சொல்கூட வரவில்லை. தமிழ்தான் வந்தது.

"ஐயோ, அது குண்டில்லை! அவன் ஒரு பாவமும் செய்யேல்லை. பொய் சொன்னது நான்தான்!"

அங்கே அது விளங்கியது காளிமுத்து ஒருவனுக்குத்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவனையும் ஏற்றியிருப்பார்கள். பயம், வேறொன்றுமில்லை.

ஜீப்பின் பின்னால் நவரட்ணராஜாவை மட்டும் ஏற்றினார்கள். சிப்பாய்கள் முன்னால் ஏறினார்கள். காளிமுத்து கண்ணால் பார்த்தான்.

ஜீப் திரும்பியது... வானின் விளக்கு அதன் பின்கண்ணாடியில் விழுந்தது.

உள்ளே இரண்டு தலைகள். ஒன்று சாய்ந்து, மற்றதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.