ஒரு மடக்குத் தண்ணி

ஹலோ... சொல்லும்மா... ஆமா, டிரைவிங் கிளாஸ்லதான் இருக்கேன். லைன்லயே இரு.

மேடம், இண்டிகேட்டர் போட்டு ஓரமா நிறுத்துங்க... அது வைப்பர் மேடம். பரவால்ல, கண்ணாடி சுத்தமாச்சு.

ம், சொல்லு கண்ணு... இப்ப மேடம்கிட்ட பேசினது யாரா? அப்பாதான்! பெத்த அப்பன் குரல் அடையாளம் தெரியலையா? ... ஆமா, ஆமா. முன்னாடின்னா இந்நேரம் அந்த மேடத்தை அழ வெச்சிருப்பேன்.

... என்ன? முதல்ல தண்ணி குடிக்கணுமா? பாட்டில் கையிலயேதான் இருக்கு. கத்திக் கத்தித் தொண்டை கட்டினப்ப, எதைப் பேசறதுக்கு முன்னாடியும் ஒரு மடக்குக் குடிங்கன்னு டாக்டர் சொன்னார்ல? அவர் என்னமோ தொண்டைக்குத்தான் வைத்தியம் பார்த்தார். வாயில தண்ணிய வெச்சுக்கிட்டு எப்படிம்மா திட்டறது? முழுங்கறதுக்குள்ள பாதிக் கோவம் மறந்துபோயிடுது.

... சிரிக்காத. நேத்து உங்கம்மா பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்கறா. நான் வீட்ல மெதுவா பேசினா அவளுக்குச் சந்தேகம்! ... ஆமா, ஓடிப்போன ஸ்டூடன்ட்ஸ்கூட திரும்பி வர்றாங்க. பிரஷர் குறைஞ்சிருக்காம். ஒரே ஒரு கஷ்டம், எந்தத் தெருவுல பாத்ரூம் இருக்குன்னு இப்ப எனக்கு மனப்பாடம்.

... சரி, சரி, என் புராணத்தை விடு. விஷயத்தைச் சொல்லு.

... டெஸ்ட் கிரவுண்ட்லயா? அங்க உனக்கென்ன வேலை? ... லைசன்ஸ் டெஸ்ட்டா? உனக்கா? ... ம்... ஃபெயிலா! ... ரிவர்ஸ்ல கம்பத்தை இடிச்சுட்டியா? அடி கிடி படலையே? ... அப்பாடா. கம்பம் கிடக்குது, விடு.

இரு, இரு. உனக்கு வண்டி ஓட்ட யாரு சொல்லிக் குடுத்தா?

... அந்தச் சுருட்டைத் தலையனா? என் டிரைவிங் ஸ்கூலுக்கு எதிர்லயே போர்டு மாட்டி வெச்சிருக்கானே, அவன்கிட்டயா? என் பொண்ணு அவன்கிட்ட... ஊரே என்னைப் பார்த்து...

... ம்ம்.

... ம்ம்ம்.

இல்லம்மா, லைன் கட் ஆகல. வாய் நிறைய தண்ணி... இரு, இன்னொரு மடக்கு. இந்த விஷயத்துக்கு ஒண்ணு பத்தாது.

... ம். சொல்லு. ... அவன் கத்தவே மாட்டானா? எப்படிக் கத்துவான், காதுல இயர்ஃபோனை மாட்டிட்டு உக்காந்திருப்பான். அதான் கம்பம் போச்சு! ... சரி, சரி, சொல்லல. வாபஸ்.

... ஆமாம்மா. நியாயம்தான். உன் இடத்துல நான் இருந்தாலும் அவன்கிட்டதான் போயிருப்பேன். நான் சொல்லிக் குடுத்தா நானே கத்துக்க மாட்டேன். டிவில கார் வேகமா வந்தா சோபாவுல உக்காந்து பிரேக் மிதிக்கிற ஆளு நான்!

... அம்மா என்ன சொன்னா? ... இன்னும் சொல்லலையா? அப்ப, என்கிட்டதான் முதல்ல சொல்றியா? ... என்கிட்டயா?

... இல்ல, இல்ல, கேக்குது. ... என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு. ... இனிமே நான் சொல்லித் தரணுமா? நானா? ஐயோ, நல்லா யோசிச்சியா?

... பயமா? எனக்கும் பயமாதான் இருக்கு கண்ணு. ... ரோட்டைப் பார்த்து இல்ல. நான் என்னைக்காவது பழைய ஆளா மாறி, நீ பாதியில இறங்கிப் போயிடுவியோன்னு.

... சரி. ... சரிம்மா. அழாத. அங்கேயே நில்லு, வரேன்.

மேடம், வண்டியைத் திருப்புங்க. மெதுவா. ஒண்ணும் அவசரமே இல்ல... கொஞ்சம் சீக்கிரமா, மெதுவா.

வெச்சிடறேன்மா.